கம்பெனி கைவிட்ட கருவி: நாமும் கைவிட வேண்டுமா?

மயிலாடுதுறையில் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஓர் அரிசிக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதில் 20 வருஷமாக ஒரே சாப்ட்வேர் ஓடுகிறது. பில் போடுகிறது. யார் யார் எவ்வளவு பாக்கி என்று சொல்கிறது. எத்தனை மூட்டை வந்தது, எத்தனை போனது என்று கணக்குக் காட்டுகிறது.

ஒரு நாள் கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது. பழுது பார்க்க வந்த இளைஞர் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். பிறகு சாப்ட்வேரையும் பார்க்கிறார். முகத்தைச் சுளிக்கிறார்.

"அண்ணே! இது விஷுவல் பேசிக் 6-ல செஞ்சது. அதைச் செஞ்ச கம்பெனியே அதைக் கைவிட்டு ரொம்ப காலமாச்சு. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்குங்க."

கடைக்காரர் விடவில்லை.

"ஏன் தம்பி, ஓடுற வண்டியை எதுக்கு நிறுத்தணும்? நேத்து வரைக்கும் பைசா பிசகாம கணக்குச் சொல்லுச்சே!"

இருவரில் யார் சொல்வது சரி?

இந்தக் கேள்வி அரிசிக் கடைக்கு மட்டும் உரியது அல்ல. மருந்துக் கடை, உரக் கடை, ஜவுளிக் கடை, அச்சகம், பள்ளிக்கூடம் என்று எத்தனையோ இடங்களில் பழைய சாப்ட்வேர் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவர்களில் பலர் இன்றும் அதே பழைய கருவியைக் கொண்டு புதிய சாப்ட்வேரும் எழுதுகிறார்கள். அது சரியா, தவறா? பார்ப்போம்.

அது என்ன கருவி?

தச்சருக்கு உளியும் இழைப்புளியும் கருவி. சாப்ட்வேர் எழுதுகிறவருக்கும் அப்படி ஒரு கருவி வேண்டும். மனிதன் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை.

1964-ல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் "பேசிக்" என்ற கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கினார்கள். கணக்குப் புலிகள் அல்லாத மாணவர்களும் கம்ப்யூட்டரை உபயோகிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

அந்த மொழியை வைத்து மைக்ரோசாப்ட் கம்பெனி 1991-ல் "விஷுவல் பேசிக்" என்ற கருவியை வெளியிட்டது. திரையில் பெட்டிகளையும் பொத்தான்களையும் கையால் இழுத்து வைத்து, ஒவ்வொன்றும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால் போதும். தனி ஒருவர் உட்கார்ந்து ஒரு கடைக்கு வேண்டிய முழு சாப்ட்வேரையும் செய்துவிடலாம். 1998-ல் வந்த 6-வது பதிப்பு மிகவும் புகழ் பெற்றது.

அந்தக் காலத்தில் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்தன. விஷுவல் பேசிக்கும், பாக்ஸ்புரோ என்ற இன்னொரு கருவியும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். படித்த பையன்கள் எல்லாரும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகவில்லை. சிலர் ஊரிலேயே தங்கினார்கள். கடை கடையாக ஏறி இறங்கி, கணக்குப் பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு, சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தார்கள். அதுதான் அவர்கள் பிழைப்பு.

கைவிட்டது எப்போது?

2002-ல் மைக்ரோசாப்ட் "டாட்நெட்" என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. பேசிக் என்ற பெயர் அதிலும் இருந்தது. ஆனால் பழைய புரோகிராமை அப்படியே எடுத்துப் புதியதில் ஓட்ட முடியவில்லை. திரும்ப எழுத வேண்டியிருந்தது.

2005 மார்ச் மாதம் பழைய கருவிக்கான சாதாரண உதவி நின்றது. "நிறுத்தாதீர்கள்" என்று உலகெங்கும் ஏராளமானவர்கள் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். கம்பெனி இணங்கவில்லை. 2008 ஏப்ரல் 8-ந் தேதியோடு மிச்சம் இருந்த உதவியும் முடிந்தது.

பாக்ஸ்புரோவின் கதையும் அதுதான். "இனி அடுத்த பதிப்பு கிடையாது" என்று 2007-ல் அறிவித்தார்கள். 2015 ஜனவரியில் எல்லா உதவியும் நின்றது.

ஆக, அந்த இளைஞர் சொன்னது உண்மை. கருவி கைவிடப்பட்டதுதான்.

அப்படியானால் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் அது ஓடுவது எப்படி?

தறியும் புடவையும்

கூறைநாட்டுப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். நெய்து முடித்த பிறகு தறியைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். புடவை கிழிந்துவிடுமா? கிழியாது. பீரோவில் வைத்துக் கட்டிக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் புடவையில் ஒரு கிழிசல் விழுந்து, அதே நூலில் சரி செய்ய வேண்டும் என்றால்? அதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றால்? அப்போதுதான் தறியைத் தேட வேண்டும்.

விஷுவல் பேசிக் 6 தறி. கடையில் ஓடும் சாப்ட்வேர் புடவை. தறிக்குத்தான் உதவி நின்றது. நெய்த புரோகிராம்கள் ஓடுவதற்கு வேண்டிய அடிப்படைத் துணையை மைக்ரோசாப்ட் விண்டோஸ் 11-லும் வைத்திருக்கிறது. ஆகவே 2003-ல் எழுதிய புரோகிராம் இன்று வாங்கிய புதுக் கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் ஓடும்.

எல்லாப் பழைய சாப்ட்வேருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடையாது. கறுப்புத் திரையில் ஓடும் டாஸ் காலத்துப் பாக்ஸ்புரோ புரோகிராம்கள் இன்றைய 64-பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11-ல் 64-பிட் தவிர வேறு கிடையாது. அப்படிப்பட்ட கடைக்காரர்கள், பழைய கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்துவதற்கு முன்பே மாற்று வழி தேட வேண்டும்.

அரிசி மூட்டை சொல்லும் பாடம்

"ஓடுகிறதே, பிறகு என்ன?" என்று கேட்கலாம்.

கடை அப்படியே நின்றால் கவலை இல்லை. ஆனால் சட்டம் மாறுகிறது; வரி மாறுகிறது.

நம் கடைக்காரர் சாப்ட்வேர் வாங்கியபோது பழைய விற்பனை வரி இருந்தது. 2007 ஜனவரி 1-ந் தேதி தமிழ்நாட்டில் வாட் வரி வந்தது. 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 2022 ஜூலை 18-ந் தேதி அரிசிக்கே ஒரு மாற்றம் வந்தது. முன்கூட்டியே பொட்டலம் கட்டி, பெயர்ச் சீட்டு ஒட்டி, 25 கிலோ வரை விற்கும் அரிசிக்கு 5 சதவீத வரி. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு இந்த வரி இல்லை. உடனே 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்துவிட்டன!

சாப்ட்வேரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? 25 கிலோவுக்கு ஒரு விதம், 26 கிலோவுக்கு வேறு விதம்.

நடுவில் 2020 டிசம்பர் 28-ந் தேதி மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆயிற்று. "நாகப்பட்டினம் மாவட்டம்" என்று அச்சாகிய பில்லில் ஊர் விவரம் மாற வேண்டியிருந்தது.

2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மீண்டும் மாறின. சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவற்றின் வரி 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக இறங்கியது. மளிகைக் கடைக்காரர் முதல் நாள் இரவு ஒரு வரியும், மறுநாள் காலையில் இன்னொரு வரியும் போட வேண்டியிருந்தது.

இந்த மாற்றங்களை எல்லாம் சில கடைகள் சுலபமாகத் தாண்டின. சில கடைகள் திண்டாடின. வித்தியாசம் எங்கே?

வரி விகிதத்தைத் தனிப் பட்டியலாக வைத்து எழுதிய சாப்ட்வேரில், கடைக்காரரே எண்ணை மாற்றிக்கொண்டார். விகிதத்தைப் புரோகிராமுக்குள்ளேயே புதைத்து எழுதியிருந்தால், எழுதியவரைத் தேடி ஓட வேண்டியிருந்தது. எழுதியவர் ஊரில் இருந்தால் பிழைத்தார். அவர் சிங்கப்பூர் போயிருந்தால்?

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. கம்பெனி கருவியைக் கைவிட்டது பாதி அபாயம். அந்தக் கருவியைக் கையாளத் தெரிந்த மனிதர் அருகில் இல்லாமல் போவது மீதிப் பாதி.

தமிழ் எழுத்துப் படும் பாடு

இன்னொரு தொல்லை நம் மொழிக்கே உரியது.

பழைய நாளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு வழியில் போயிற்று. பாமினியில் அடித்ததை வானவில்லில் படிக்க முடியாது. 1999-ல் டாம், டாப் என்ற முறைகள் வகுக்கப்பட்டன. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. இன்று நம் கைப்பேசியில் வரும் தமிழ் எல்லாம் யூனிகோடுதான்.

விஷுவல் பேசிக் 6-ன் சாதாரணப் பெட்டிகளுக்கு இந்தத் தமிழைக் காட்டத் தெரியாது. "முருகன்" என்று யூனிகோடில் எழுதினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். தனியாக வேறு பெட்டிகளைச் சேர்த்துச் சமாளிக்கலாம். ஆனால் அது ஒட்டுப் போட்ட வேலைதான்.

20 வருஷமாகப் பழைய எழுத்துருவில் சேர்த்த வாடிக்கையாளர் பெயர்களைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். யாருக்கும் புரியாத கிறுக்கலாக வரும். தமிழில் பில் கொடுக்க விரும்புகிறவர் இந்த ஒரு காரணத்துக்காகவே புதிய சாப்ட்வேரைப் பழைய கருவியில் தொடங்கக் கூடாது.

கதவைத் திறந்தால் காற்றும் வரும்

அன்று கடைக் கம்ப்யூட்டர் தனியாக இருந்தது. இன்று அது வெளியுலகத்தோடு பேச வேண்டியிருக்கிறது.

2023 ஆகஸ்டு 1-ந் தேதி முதல், வருஷத்துக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்கிறவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசின் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண்ணும் சதுரக் குறியும் பெற வேண்டும். பெரிய ஆலைகளும் மண்டிகளும் இதற்குள் வரலாம். பழைய கருவியால் இதைச் செய்யவே முடியாது என்று சொல்ல முடியாது. கெட்டிக்காரர்கள் செய்கிறார்கள். ஆனால் இணையத்தின் பூட்டுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பழைய சாவியை அராவிப் பொருத்த வேண்டும்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. பழைய சாப்ட்வேர் கெட்டுப்போகுமோ என்று பயந்து, பழைய விண்டோஸையே மாற்றாமல் வைத்திருப்பவர்கள் பலர். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலில் உதவி நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ந் தேதி சாதாரண உதவி நின்றது. உதவி நின்ற பிறகு புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளைக் கம்பெனி வழக்கம்போல அடைக்காது. அதே கம்ப்யூட்டரில் பாங்கிக் கணக்கையும் திறந்தால், திருடனுக்குத் திண்ணையில் இடம் கொடுத்த மாதிரிதான்.

பழசு வேறு, கைவிட்டது வேறு

"பழசு எல்லாம் ஆகாது" என்று நினைத்துவிடக் கூடாது.

1959-ல் பிறந்த "கோபால்" என்ற கம்ப்யூட்டர் மொழி இன்றும் உலகத்தின் பெரிய பாங்கிகளில் வேலை செய்கிறது. அதைப் பேணுவதற்குக் கம்பெனிகள் இருக்கின்றன. அது பழசு, ஆனால் கைவிடப்படவில்லை.

அங்கேயும் ஆள் பஞ்சம் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலை இழந்தவர்கள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உதவித் தொகை கேட்டுக் குவிந்தார்கள். பழைய கம்ப்யூட்டர்கள் திணறின. "கோபால் தெரிந்தவர்கள் வந்து உதவுங்கள்" என்று அந்த மாநிலத்தின் கவர்னரே வேண்டுகோள் விட்டார்.

நம் அம்பாசடர் காரை நினைத்துப் பாருங்கள். 2014-ல் உற்பத்தி நின்றது. இன்றும் சில ஓடுகின்றன. தெரிந்த மெக்கானிக்கும் உதிரிச் சாமானும் கிடைக்கும் வரை ஓட்டலாம். வைத்திருப்பவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இன்று டாக்சிக் கம்பெனி தொடங்குகிறவர் அம்பாசடரை நம்பித் தொடங்குவாரா?

பிள்ளைகள் படிப்பில் கவனம்

பெற்றோர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பிளஸ் 2 கம்ப்யூட்டர் பாடப்புத்தகத்தில் "ஸ்டார் ஆபீஸ்" என்ற சாப்ட்வேர் இருந்தது. அதை வைத்திருந்த ஆரக்கிள் கம்பெனி 2011-ல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் சில வருஷங்கள் நம் பிள்ளைகள் அதையே மனப்பாடம் செய்தார்கள். 2019-ல் புதிய பாடத்திட்டம் வந்தது. இப்போது பிளஸ் 2-வில் "பைத்தான்" என்ற மொழி கற்றுத் தருகிறார்கள். அது யார் வேண்டுமானாலும் காசு இல்லாமல் எடுத்து உபயோகிக்கக் கூடியது.

பிள்ளையை ஏதாவது சென்டரில் சேர்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் சொல்லித்தரும் கருவியை அதன் சொந்தக்காரர்கள் இன்னும் நடத்துகிறார்களா?" பதில் இல்லை என்றால் பணத்தைக் கட்ட வேண்டாம்.

அவசரமாகத் தூக்கி எறிந்தால்?

அப்படியானால் இன்றே பழைய சாப்ட்வேரைத் தலைமுழுகிவிடலாமா? அதுவும் தவறு.

20 வருஷத்து சாப்ட்வேருக்குள் 20 வருஷத்து வியாபாரம் இருக்கிறது. சாக்கு எடை எவ்வளவு கழிப்பது, ஈர நெல்லுக்கு என்ன தள்ளுவது, எந்தப் புள்ளிக்கு அறுவடை வரை கடன் கொடுப்பது என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. எதையும் யாரும் காகிதத்தில் எழுதி வைக்கவில்லை. புதிய சாப்ட்வேருக்கு இதெல்லாம் தெரியாது.

புதியது என்றால் நிலையானது என்றும் சொல்ல முடியாது. இன்று பல சாப்ட்வேர்கள் வருஷச் சந்தாவில் வருகின்றன. கணக்கெல்லாம் வேறு எங்கோ உள்ள கம்ப்யூட்டரில் இருக்கும். சந்தா கட்டாவிட்டால், அல்லது அந்தக் கம்பெனியே மூடிவிட்டால், நம் கணக்கு நம் கைக்கு வருமா? வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது: ஓடுகிற சாப்ட்வேரை ஓட விடுங்கள். ஆனால் புதிய சாப்ட்வேரைக் கைவிடப்பட்ட கருவியில் எழுதச் சொல்லாதீர்கள். இன்று எழுதுவது இன்னும் 15, 20 வருஷம் உழைக்க வேண்டும்.

இரண்டாவது: "சோர்ஸ் கோடு" உங்கள் கையில் இருக்க வேண்டும். எழுதியவர் தம் கையால் எழுதிய மூலப் பிரதி அது. அது இருந்தால், வேறு ஒருவர் படித்துத் திருத்தலாம். பழைய பேசிக் மொழியைப் புரிந்துகொள்ளும் புதிய கருவிகளையும் வெளியார் சிலர் செய்து வருகிறார்கள். மூலப் பிரதி இல்லாவிட்டால் எதுவும் பலிக்காது. நிலப் பத்திரத்தை வைப்பது போல அதைப் பத்திரமாக வையுங்கள்.

மூன்றாவது: கணக்கு விவரங்களை எந்தச் சாப்ட்வேராலும் படிக்கக் கூடிய சாதாரணப் பட்டியலாக மாதம் ஒரு முறை எடுத்து, வேறு இடத்தில் ஒரு நகல் வையுங்கள்.

நான்காவது: விண்டோஸைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் பழைய கம்ப்யூட்டரை இணையத்தில் இருந்து பிரித்து வையுங்கள். பாங்கி வேலைக்கு வேறு ஒன்று இருக்கட்டும்.

ஐந்தாவது: மாற்றுவது என்று முடிவு செய்தால், தை, மாசி அறுவடை நெரிசலில் மாற்றாதீர்கள். வியாபாரம் மந்தமான மாதத்தில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துவந்த பிறகு பழையதை நிறுத்துங்கள்.

எழுதுகிறவருக்கு ஒரு வார்த்தை

25 வருஷமாக ஊரிலேயே இருந்து சாப்ட்வேர் எழுதும் நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

கருவி போனதால் உங்கள் மதிப்பு போகவில்லை. மண்டிக்காரர் மனசும், கணக்குப் பிள்ளை வழக்கமும் உங்களுக்குத் தெரியும். அது எந்தச் சென்டரிலும் கிடைக்காத படிப்பு. பழைய வாடிக்கைகளைப் பார்த்துக்கொண்டே, அடுத்த வேலையை மட்டும் புதிய கருவியில் தொடங்குங்கள். முதல் வேலை மெதுவாக நடக்கும். இரண்டாவது கை கொடுக்கும்.

இப்போது நம் அரிசிக் கடைக்கு வருவோம். இளைஞர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கடைக்காரர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு.

"இந்தச் சாப்ட்வேரின் மூலப் பிரதி யாரிடம் இருக்கிறது?"

அது கடைக்காரர் பீரோவில் இருந்தால், அவர் அவசரப்பட வேண்டியது இல்லை. நிதானமாக மாறிக்கொள்ளலாம். இல்லாவிட்டால், எழுதியவரை இன்றே தேடிப் பிடித்து வாங்கி வைக்க வேண்டும்.

கம்பெனிகள் கருவிகளைக் கைவிடும். அது அவர்கள் வியாபாரம். நம் கணக்கை நாம் கைவிடாமல் காப்பது நம் பொறுப்பு!